ஆறுக்குப் பூஜ்யம்

என் கையில் ஒரே ஒரு டொமினோ கட்டை மிச்சம் இருந்தது. இரட்டை நாலு, இரண்டு பாதியிலும் நாலு புள்ளி. மேசை மேல் வளைந்து ஓடிய வரிசையின் இரண்டு முனைகளிலும் நாலு. மொத்தம் இருபத்தெட்டு கட்டைகள். அதில் நாலு வருபவை ஏழு. ஆறு வெளியே வந்துவிட்டன, ஏழாவது என் உள்ளங்கையில். சுற்றிலும் பத்தொன்பது பேர் நின்றார்கள். இப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. அரூரில் மகன் வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதும்போதும் நாடி எகிறுகிறது. பிடித்துப் பார்த்தேன், நிமிடத்துக்குத் தொண்ணூற்றாறு. மாத்திரை போட்டும் இப்படி.

கடலே இல்லாத தருமபுரி மாவட்டத்திலிருந்து ஒரே சரக்குக் கப்பலில் இரண்டு பேர் இருந்தோம். மேல்தள ஆட்களுக்கெல்லாம் தலைவரான போசன் காரிமங்கலத்துக்காரர். நான் கம்பைநல்லூர், கப்பலின் ஸ்டோர் கீப்பர். அவர் என்னைவிட நாலு வயது பெரியவர், கழுத்தில் சிலுவை போட்டிருப்பார். டொமினோ ஆடிய அந்த மாலையில் அவர் என்னோடு பேசி இருபத்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்தைய மாதக் கணக்கெடுப்பில் நாற்பத்தெட்டு பெயிண்ட் டின் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தாறுதான் எண்ணினேன். "இன்னொருக்கா எண்ணிப் பாருய்யா" என்றார் போசன். நான் எண்ணவில்லை. நேராக எங்கள் மேலதிகாரியான சீஃப் ஆபீசரிடம் சொன்னேன். பெயிண்ட் போசன் பொறுப்பு என்பதால் அவர் போசனின் பணி அறிக்கையில் இரண்டு டின் காணவில்லை என்று எழுதிவிட்டார். ஐம்பத்தைந்து வயதுக்காரரின் அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தால் கம்பெனி அடுத்த பயணத்துக்குக் கூப்பிடாது.

கரீபியன் தீவு ஒன்றில் கப்பலைக் கரையோடு கட்டி நிறுத்திய அன்று காலை, முன்பக்க அறையில் கயிற்றுச் சுருளுக்குப் பின்னால் அந்த இரண்டு டின்களும் கிடைத்தன. அங்கே வைக்கச் சொன்னவனே நான்தான். அறிக்கைகள் மறுநாள் விடியற்காலை துறைமுக ஏஜென்ட் வழியாகக் கம்பெனிக்குப் போகும். பகல் முழுக்க நான் யாரிடமும் சொல்லவில்லை. ஏழு முறை சொல்லப் போய் ஏழு முறையும் திரும்பி வந்தேன்.

மாலை ஐந்து மணிக்குத் துறைமுகத்துக் கிரேன் ஓட்டுநர் எங்களில் ஒன்பது பேரைத் தன் வீட்டு முற்றத்துக்கு அழைத்துப் போனார். வறுத்த மீன், தேங்காய்ப்பால் ஊற்றிய சோறு, தெருவே அதிரும் பாட்டு. குடிக்கும் தண்ணீர் காய்ச்சியதா என்று மூன்று பேரிடம் கேட்டேன், மூவரும் சிரித்தார்கள். ஒன்பது மணிக்குள் கப்பல் ஏற வேண்டுமே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் கிரேன் ஓட்டுநர் டொமினோ பெட்டியைக் கவிழ்த்தார். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து ஆடும் ஆட்டம், ஜோடிகள் எதிரெதிரே உட்கார வேண்டும். வரிசையின் முனையில் இருக்கும் எண்ணோடு பொருந்தும் கட்டையைத்தான் போடலாம், யார் கை முதலில் காலியாகிறதோ அந்த ஜோடிக்கு வெற்றி. நானும் போசனும் ஒரே பக்கத்து ஊர்க்காரர்கள் என்று யாரோ சொல்லிவிட, அவர் எங்கள் இருவரையும் தோளைப் பிடித்து எதிரெதிரே உட்கார வைத்தார். தானும் தன் அக்காவும் எதிரணி என்றார். அதோடு அவர் வீட்டு விதிகள் இரண்டு. ஆட்டத்தின் நடுவே ஜோடியோடு பேசினால் அந்த ஆட்டம் தோல்வி. ஒன்றுகூட ஜெயிக்காமல் வரிசையாக ஆறு தோற்றால், முற்றத்தில் சாப்பிட்ட எல்லோருடைய பாத்திரமும் தோற்றவர் கழுவ வேண்டும்.

பேசாமல் ஆடுவதில் எங்களுக்கு இருபத்து மூன்று நாள் பழக்கம். ஆனாலும் ஐந்து ஆட்டம் தோற்றோம். அந்த அக்கா ஒவ்வொரு கட்டையையும் மேசை துள்ள அறைவார். "கடல்ல வழி கண்டுபிடிச்சு வந்தவங்களுக்கு மேசையில வழி தெரியலையே" என்று அவர் இங்கிலீஷில் சொல்ல, முற்றமே கைதட்டியது. போசன் பல்லைக் கடித்தார்.

ஆறாவது ஆட்டத்தில் எனக்கு எண்ணிக்கை பிடிபட்டது. மூன்று முறை வரிசையின் முனையில் நாலு வரும்படியே கட்டை போட்டேன். போசன் கையில் இரண்டு கட்டைகள். ஒன்றைப் போட்டால் பத்திரம். மற்றதைப் போட்டால் இரண்டு முனையும் நாலாகும். கடைசி நாலு என்னிடம் இருந்தால் வெற்றி, எதிரணியிடம் இருந்தால் எல்லாம் போச்சு. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். என் எண்ணிக்கையால் வேலையையே இழக்கப் போகிற மனிதர், நான் சரியாகத்தான் எண்ணியிருப்பேன் என்று நம்பி, நாலைத் தூக்கி ஓங்கி அறைந்தார். அக்கா உதட்டைக் கடித்தார். கையில் போட எதுவும் இல்லை என்பதற்கு மேசையை இரண்டு முறை தட்டினார். என் முறை வந்தது.

"அண்ணா, டின் நாப்பத்தெட்டும் இருக்குதுங்க. நாந்தான் தப்பா எண்ணிட்டேன்."

முற்றம் வெடித்தது. பேசிட்டான், பேசிட்டான் என்று குதித்தார்கள். அக்கா எழுந்து நின்று ஆறு விரல்களைக் காட்டினார்.

தட்டும் கிண்ணமுமாக நாற்பத்து மூன்று. போசன் தேய்க்க, நான் அலசினேன். இருபதாவது தட்டில், "எங்க இருந்துச்சு?" என்றார் போசன்.

"முன்னாடி ரூம்ல, கயித்துக்குப் பின்னாலங்க."

"எப்பத் தெரியும்?"

"காலையிலங்க."

தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "ஏய்யா, கட்டையப் போட்டுட்டு அப்பறம் சொல்லித் தொலைச்சா என்ன?"

போட்டிருந்தால் ஜெயித்திருப்போம். ஜெயித்திருந்தால் கட்டிப்பிடித்துச் சிரித்திருப்போம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு நான் சொல்லியிருக்கவே மாட்டேன். அவரிடமிருந்து அடுத்த தட்டை வாங்கி அலசினேன்.

எட்டு நாற்பதுக்குக் கப்பல் ஏறி இருவரும் சீஃப் ஆபீசர் முன் நின்றோம். அவர் போசனின் அறிக்கையில் அந்த வரியை அடித்தார். என் அறிக்கையை எடுத்து, கடமையில் அலட்சியம் என்று எழுதத் தொடங்கினார். போசன் குறுக்கிட்டார். அலட்சியம் இல்லை சார், எண்ணிக்கைப் பிழை என்று எழுதுங்கள், இவர் அலட்சியமாக எதையும் எண்ணிப் பார்த்ததில்லை என்றார். ஆபீசர் அப்படியே மாற்றி எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். விரல்களில் சோப்பு வாசனை இன்னும் இருந்தது.

வெளியே வந்ததும் போசன் தன் அறைப் பக்கம் திரும்பினார். "காலைல ஆறரைக்குப் பெயிண்ட் வேணும். ரெண்டு டின் எடுத்து வெய்யி."

"சரிங்கண்ணா."

"இரு, நானும் வர்றேன். சேந்தே எண்ணலாம்."