பீலிக்கரை மறைப்பு

தார் காய்ச்சும் வாசனை எங்கே வந்தாலும் இன்றும் எனக்கு வயிறு எரியும். எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தச்சரான அப்பா, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாப் பூந்தோட்டத்தில் மரத்தளம் போட்ட அந்த மாதங்களில், அவர் சட்டையிலும் விரலிடுக்கிலும் அவர் பிய்த்துக் கொடுத்த ரொட்டியிலும்கூட அந்த வாசனைதான் இருந்தது.

துரைக்கு மாலைத் தேநீர் குடிக்கப் பள்ளத்தைப் பார்த்தபடி ஒரு தளம் வேண்டுமாம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பழைய மாடியைப் பிரித்தபோது வந்த தேக்குப் பலகைகளை அதற்குக் கொடுத்தார்கள். தளத்துக் கால்களின் அடியில் தார் பூசி, மண்ணில் படாமல் கல்லின் மேல் நிறுத்தி, பலகைக்குப் பலகை ஓர் ஆணிப் பருமன் இடைவெளி விட்டு, துரையின் நாய்கூட வழுக்காதபடி இழைத்து முடித்தார் அப்பா. "நனையறதால மரம் சாகாது, தண்ணி தேங்கினாத்தான் சாகும்" என்பது அவர் பேச்சு.

அந்தத் தளத்துக்கு நேர் கீழேதான், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் "பீலி" இருந்தது. மலை ஓடை நீரைக் குழாய் வைத்துக் கொட்டவிட்ட இடம். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் அட்டைக்கடி இரத்தத்தோடு, பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு, ரோட்டில் லாரிச் சத்தம் கேட்டால் ஒரேயடியாகக் குனிந்து குளித்தார்கள். இனி மேலே தளத்தில் விருந்தாளிகள் வேறு வந்து நின்றால்? அம்மாதான் வெடித்தாள்: "தொரை வீட்டு நாய் வழுக்காம இருக்கப் பலகை அடிக்கிறீங்களே, நாங்க குளிக்கிற எடத்துக்கு ஒரு மறைப்பு அடிக்கக் கை வராதா?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. மிஞ்சிய துண்டுப் பலகைகளைக் கேட்டார். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, "எடுத்துக்கப்பா, அடுப்புக்குத்தானே போகப் போகுது" என்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆளுயர மறைப்பு எழுந்தது. மேலிருந்து ஒன்றும் தெரியாமல் காற்று மட்டும் புகும்படி பலகைகளைச் சாய்த்து அடித்திருந்தார். உள்பக்கம் சவுக்காரம் வைக்க ஒரு தட்டு. அதில் தண்ணீர் வடிய நீள்பள்ளமாக மூன்று காடி இழுத்திருந்தார். அன்றைக்குத்தான் என் அம்மா நிமிர்ந்து நின்று தலை முழுகியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

பத்தே நாள்தான் அது நின்றது. எங்கள் தோட்டத்தில் லயத்துக் கூரையில் ஒரு தகரம் மாற்றுவதற்கும் ஆபீசில் "துண்டு" என்ற அனுமதிச் சீட்டை எழுதி வாங்க வேண்டும். அப்பா வாய்ச்சொல்லை நம்பிவிட்டார். "துண்டு எங்கே?" என்றார் துரை, ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில், அத்தனை பேர் முன்னாலும். எடுத்துக்கொள்ளச் சொன்ன கண்டாக்கையா பெயர்ப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். அடித்த கையாலேயே அப்பா அந்த மறைப்பைப் பிரித்தார். பிரித்த பலகைகளை என்ன செய்தார்கள் தெரியுமா? பங்களாத் தளத்துக்குக் கைப்பிடி! அதையும் அப்பாவையே அடிக்கச் சொன்னார்கள். சவுக்காரத் தட்டைக் கழற்ற வேண்டாமாம், துரைக்குக் கோப்பை வைக்க வசதியாம். இதைவிட அக்கிரமம் உண்டா? "விடு புள்ள, எங்க இருந்தாலும் மரம் மரந்தான்" என்று அப்பா என்னிடம் சொன்னபோது, துரையைவிட அவர்மேல்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா மறுபடி குனிந்து குளிக்கத் தொடங்கினாள்.

இருவருமே இப்போது இல்லை. பங்களா ஹோட்டலாகிவிட்டது. நோர்வூட்டில் படிப்பிக்கும் நான், போன மாதம் சக ஆசிரியை ஒருவரின் பிரியாவிடை விருந்துக்கு அங்கே போனேன். ஒரு பலகைகூட உளுத்துப்போகாமல் தளம் அப்படியே நிற்கிறது. கைப்பிடியில் மூன்று காடி போட்ட அந்தத் தட்டு; அதன்மேல் யாரோ குடித்து வைத்த தேநீர்க் கோப்பை. கீழே பீலிக்கரையில் மறைப்பு நின்ற அடையாளம்கூட இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு தகரத்தை நட்டுவைக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை, பாருங்கள்! ஒரு பெண் பாவாடை கட்டிக் குனிந்து குளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற விருந்தாளி ஒருவர் போனை உயர்த்தி அந்தப் பக்கமே பிடித்தார்.

நான் போய் அந்தப் போனுக்கு முன்னால் நின்றேன்.

"டீச்சர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அவருக்கு மறைக்குதாம்" என்றார் தேநீர் கொண்டுவந்தவர்.

"மறைக்கத்தான் நிக்கிறேன்" என்றேன். கீழே அவள் தலையைத் துவட்டிக்கொண்டு லயத்துக்கு ஏறிப் போகும்வரை நான் நகரவில்லை.