ரோஸ் அட்டை வைத்த தோட்டாக்கள்

கல்யாணமாகி, கோவில்பட்டிக்குக் கிழக்கே அந்தக் கரிசல் ஊருக்குப் போன முதல் கோடையில், உச்சி வெயில் நேரத்தில் மட்டும் ஒரு சத்தம் கேட்கும். தாழ் போட்ட அறைக்குள் யாரோ மரத்தை மரத்தால் மெதுவாகத் தட்டுவார்கள். அது என் மாமனாரின் அறை. அவர் என் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முந்தியே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அவரைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ் திறக்கும். என் மாமியார் வேர்த்து வழிய வெளியே வருவார். உள்ளே என்ன சத்தம் என்று ஒருநாள் கேட்டேன். “உங்க மாமாதான்” என்று சொல்லிவிட்டு, அவர் பாட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்.

கணவரிடம் சொன்னேன். அப்பா போனதிலிருந்து அம்மா அப்படித்தான் பேசுகிறாள், அறைக்குள் எலி இருக்கும் என்றார். எந்த ஊர் எலி உச்சி வேளை பார்த்து, தாளம் தப்பாமல் தட்டும்? அதோடு, அந்தக் கதவிடுக்கில் ஒரு வாடை வரும். ஆறு வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவளுக்குக் கந்தக வாடை தெரியாதா? ஆனால் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. புது மருமகள் சத்தம் கேட்குது, வாடை வருது என்று ஆரம்பித்தால் நேரே விளாத்திகுளத்துக்குக் கூட்டிப்போய் வேப்பிலை அடித்துவிடுவார்கள். பயத்தை விழுங்கிக்கொண்டு அந்த அறையை ஒதுங்கியே நடந்தேன்.

மாமனாரிடம் லைசென்ஸ் உள்ள ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. பயிருக்கு வரும் பன்றியை வெடிச்சத்தத்தில் விரட்டுவதற்கு. அவர் இறந்ததும் அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்ற அலைந்ததில் என் கணவருக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். ஒருவழியாக அந்த மார்கழியில், மக்காச்சோளம் கதிர் பிடித்திருந்தபோது துப்பாக்கி வீட்டுக்கு வந்தது. பன்றிகள் அதற்கு முன்பே வந்திருந்தன.

மறுநாள் காலை கணவர் தன் அப்பாவின் பிஸ்கட் டப்பாவைத் தரையில் பேப்பர் விரித்துக் கொட்டினார். எல்லாம் மாமனார் கையால் நிரப்பிய தோட்டாக்கள். வெடித்த காலித் தோட்டாவை அவர் எறியமாட்டாராம். வெடிமருந்தும் ஈயக்குண்டும் திரும்பப் போட்டு, மேலே வட்டமாக வெட்டிய அட்டையை வைத்து மரக்கட்டையால் தட்டி மூடிவிடுவாராம்.

கணவர் ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். உள்ளே குண்டு உருண்டால் ஒதுக்கினார். பித்தளை அடியில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும், காகிதக் குழல் ஈரம் குடித்து ஊதியிருந்தாலும் தள்ளினார். எந்தக் காலத்தில் போட்டதோ, இதெல்லாம் வேண்டாம், கடையில் புதுசு வாங்குங்கள் என்றேன்.

“எங்கய்யா கை அளவு தப்பாதுட்டி” என்றார்.

கடைசியில் ஆறு தேறின. களிம்பு இல்லை, ஊதல் இல்லை. நேற்றுச் செய்ததுபோல இருந்தன. நான்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பகலில் பன்றிகள் ஓடைக்கரைக் கருவேலத்துக்குள் படுத்துக் கிடக்கும், வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஊரைவிட்டே ஓடும் என்று உச்சி வெயிலில் கிளம்பினார்.

நான் மிச்சத்தை அள்ளினேன். தள்ளிப்போட்டவற்றில் எல்லாம் தீப்பெட்டி அட்டை வைத்திருந்தது. தேறியதில் மிஞ்சிய இரண்டில் மட்டும் ரோஸ் அட்டை. அதில் தங்க மையில் பாதிக் கும்பம் தெரிந்தது. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். மஞ்சள் அட்டையே போதும் என்று சொன்ன என் அப்பாவிடம், அச்சகத்து வாசலிலேயே சண்டை போட்டு நான் வாங்கிய ரோஸ் அது. என் கல்யாணப் பத்திரிகை.

கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முந்தியே செத்தவர் கையில் என் பத்திரிகை எப்படிக் கிடைத்தது?

திரும்பினால் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

“அத்தே, இத யாரு போட்டது?”

“அவியதான். பக்கத்துல உக்காந்து சொல்லுவாவ, நான் போடுவேன். துப்பாக்கி வரும்போது பிள்ளை தோட்டா இல்லாம நிக்கப்பிடாதுல்லா.”

மருந்து அளவு தெரியுமா என்று கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். மாமாவின் சின்னப் பித்தளைக் கரண்டி இருக்கிறதே என்றார். பிறகு, பந்தியில் பரிமாறத் தெரியாத பெண்ணுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

“ஒத்தைக் கரண்டியோட நிறுத்தலாமா? இன்னொன்னும் போட்டேன்.”

“அதையும் மாமாதான் சொன்னாவளா?”

அவர் அந்த அறையைத் திரும்பிப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

“இல்ல. அது நானா போட்டது.”

மருந்து கூடினால் குழலே கையில் வெடித்துச் சிதறும் என்று தீப்பெட்டி ஆபீஸ்காரிக்கு யாரும் சொல்ல வேண்டாம். ஓடினேன். மழை பெய்த கரிசல் காலைப் பிடித்து இழுத்தது. ஒரு செருப்பு சேற்றோடு போயிற்று. ஓடைக்கரையில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அவர் துப்பாக்கியைத் தோளில் ஏந்தி வானத்தைப் பார்த்து நின்றிருந்தார். கத்தினேனா, பேரைச் சொல்லியே கூப்பிட்டேனா, இன்றைக்கும் தெரியாது. அவர் திரும்பினார். துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது. பக்கத்தில் போனதும், விசையைத் தொடாதீர்கள், முதலில் தோட்டாவை வெளியே எடுங்கள் என்றேன். நான் மூச்சு வாங்கிய வாங்கலைப் பார்த்து அவர் உடனே எடுத்தார்.

ரோஸ் அட்டை. அதில் என் பெயரின் முதல் எழுத்து இருந்தது.

அதை அவரே படித்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். எல்லாத் தோட்டாக்களையும் அன்றைக்கே ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவதென்று முடிவு செய்தோம்.

மாமியார் இலை போட்டு வைத்திருந்தார். மகன் உட்கார்ந்ததும் ஒரு கரண்டி சோறு வைத்தார். இன்னொரு கரண்டி எடுத்தபோது என் கணவர் கையை விரித்து இலையை மறைத்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது. மாமியார் அறைப் பக்கம் பார்த்தார், யாரிடமோ என்ன செய்வதென்று கேட்பதுபோல.

என் கணவரும் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

“போடும்மா” என்றார்.

மாமியார் போட்டார். கணவரின் ஐந்து விரல்களும் சோற்றைப் பிசைவதை நான் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.