பாய் வீட்டு முட்டி வலி

முட்டி வலி அக்தரி பேகத்துக்கு. என் கட்டிலில் வந்து படுத்தவர் அவருடைய கணவர் அப்துல் வஹீத். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீன ஆசிரியர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

பேரணாம்பட்டில், முட்டி வலிக்காரர்கள் என்னைத் திட்டிக்கொண்டே ஏறிவரும் ஒரு மாடி அறையில் துய்னா செய்கிறேன். கையாலேயே அழுத்தி, உருட்டி, நீவி வலியைக் குறைக்கும் சீன முறை. போர்டில் ஜோசுவா என்று மட்டும்தான் போட்டிருக்கிறேன். ஊருக்கு என்னவோ நான் டாக்டர்தான்.

வஹீத் பாய் முதல் நாள் வாசலில் நின்றபடியே சொன்னார்.

"எங்க வீட்ல முட்டி தேஞ்சிபோச்சி தம்பி. கீழ குனிஞ்சி தொழ முடியல. சேர்ல உட்காந்துதான் தொழுவுது. அதுலதான் ரொம்ப பேஜாரு."

"அவங்கள இட்டுக்கினு வாங்க பாய்."

"ஆம்பள கிட்ட காட்டாது. எனக்கு சொல்லிக்குடு, நான் செய்றேன்."

சத்துவாச்சாரியில் ஒரு பெண் செய்கிறார் என்றேன். பஸ் படி ஏற முடியாது என்றார். வேறு வழியில்லாமல் அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தினமும் அவர் காலையே பாடமாக்கினேன். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கக் குழியிலும் கட்டைவிரல், தொடைச் சதையைப் புறங்கையால் உருட்டுவது, கடைசியில் கெண்டைக்கால்.

டேனரியில் ஈரத்தோலைத் தூக்கித் தூக்கியே காலம் தள்ளிய மனிதர். வேலை விட்டால் தோஸ்துகளோடு டீக்கடை. வீடு சாப்பிடவும் தூங்கவும் மட்டும். அவரே சொன்னது இது. இப்போது சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் தரையில் உட்கார்ந்து மனைவியின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்கிறாராம்.

கொஞ்ச நாளில் பாய் என் மாடிப்படியை விறுவிறுவென்று ஏறினார். வெளியே சொல்லாமல் வைத்திருந்த அவருடைய முட்டி வலி போயிருந்தது.

"வலி அதுக்கு, கொணம் எனக்கு. இன்னா தம்பி இது?"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்தரி பேகத்தின் வலியோ பிடிபடவே இல்லை. ஒரு நாள் கம்மியாம், மறுநாள் ஜாஸ்தியாம். கம்மி என்றால் ஏன் இன்னும் சேரில் தொழுகிறார்? ஜாஸ்தி என்றால் ஏன் ஆஸ்பத்திரி வேண்டாம் என்கிறார்? பாயை என் முட்டியிலேயே அழுத்தச் சொல்லிப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. எனக்கு எரிச்சலாகிவிட்டது.

"நிறுத்திடுங்க பாய். எலும்பு டாக்டர் கிட்ட காட்டுங்க. ரொம்ப தேஞ்சிருந்தா ஆபரேஷன்தான்."

மறுநாள் புர்கா அணிந்த ஓர் அம்மாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, படிக்குப் படி நின்று மூச்சு வாங்கி ஏறி வந்தார். பின்னால் பாய். அக்தரி பேகத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"நீதான் நிறுத்த சொன்னியா தம்பி?"

"வலி கொறையலன்னா வேற இன்னா பண்றதும்மா?"

"கொறையல. மொத நாள்லேருந்தே கொறையல."

பாய் திகைத்துப்போனார். "கம்மின்னு சொன்னியே?"

"கம்மின்னு சொன்னா உங்க மூஞ்சி மலர்ந்துது. ஜாஸ்தின்னு சொன்னா இன்னும் கொஞ்ச நேரம் உட்காந்தீங்க."

பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். ஒரு மனுஷி வலியை வைத்துக்கொண்டு இப்படியும் செய்வாரா என்று மனசு கனத்துப்போயிற்று.

"ஆபரேஷன் பண்ணா வலி போயிடும், தெரியும். அப்புறம் இவரு டீக்கடைக்கு போய்டுவாரு தம்பி."

"போவமாட்டேன். அப்பவும் கால அமுக்குறேன்," என்றார் பாய்.

"வலிக்காத கால எவனாச்சும் அமுக்குவானா?"

பாய் மனைவியின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு போனார். கீழேயிருந்து குரல் கேட்டது.

"அமுக்குவேன்."

"மாட்டீங்க."

"ஆபரேஷன் பண்ணிக்கினு பாரு."

செருப்புச் சத்தம் இன்னும் இரண்டு படி இறங்கியது.

"சரி," என்றார் அக்தரி பேகம்.