ஏலம் போகாத பூசணி

பழனிசெட்டிபட்டியில் என் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தபோது அழைப்புமணி கைக்கெட்டும் உயரத்தில்தான் இருந்தது. நான் அதை அழுத்தவில்லை. பையை இறக்கி வைத்துவிட்டுப் படியிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். என் கணவர் சாமுவேலும் மகள் ஷாரோனும் எனக்குப் பின்னால் அப்படியே நின்றார்கள். ஒடிசா மலையில் நாங்கள் இருக்கும் ஊரில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. வாசலில் போய் நிற்க வேண்டும், கால் கடுத்தால் குத்தவைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பவர் கைவேலையை முடித்துவிட்டு வரும்போது வருவார். பத்து வருடத்துக்கு மேல் அங்கே இருந்ததில் இது எங்கள் உடம்பில் ஊறிவிட்டது. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு, வசூலுக்கு வந்திருக்கீகளா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த அம்மாள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நாங்கள் வசூலுக்குத்தான் வந்திருந்தோம்.

நாங்கள் மிஷனெரிக் குடும்பம். நான் பிறந்தது சின்னமனூர், அவர் பெரியகுளம். மலையில் அவர் மாலைப் பள்ளி நடத்துகிறார். நான் நர்ஸ். ரோட்டுக்கு வர அரைநாள் நடக்க வேண்டிய ஊரில், காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் முதலில் கூப்பிடும் ஆள் நான்தான். எங்களை அனுப்பிய சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு மிஷனெரிக் குடும்பத்தையும் அவரவர் சொந்தப் பகுதியிலிருந்து சில வீடுகள் தாங்க வேண்டும். மாதாமாதம் ஏதோ கொடுப்பது, தினமும் பெயர் சொல்லி ஜெபிப்பது, அவ்வளவுதான். எங்களைத் தாங்கிய வீடுகளில் சிலர் காலமாகிவிட்டார்கள், சிலர் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்குள் போதிய வீடுகள் சேராவிட்டால், பணித்தளத்தை வேறொருவரிடம் விட்டுவிட்டு மதுரை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று சங்கத்திலிருந்து அன்பாகவே சொல்லிவிட்டார்கள். அதனால் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான இந்த அட்வெந்து முழுவதும் பள்ளத்தாக்கில் சபை சபையாகப் போவது என்று புறப்பட்டு வந்தோம். டெபுடேஷன் என்று இதற்குக் கௌரவமான பெயர் இருக்கிறது. எதிர்வீட்டு அம்மாளின் பெயர்தான் பொருத்தமானது.

மதுரை அலுவலகம் ஒன்றும் மோசமில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். மின்விசிறி உண்டு, குழாயில் தண்ணீர் வரும், ஷாரோனுக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும். ஆனால் மலையில் மங்களி இருக்கிறாள். எனக்கு மருந்துப்பெட்டி தூக்குபவள், அந்த மொழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள், நான் தப்பாகப் பேசினால் ஊரையே கூட்டிச் சிரிப்பவள். அவளுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இப்போது மறுபடி வயிற்றில் இருக்கிறது. நாங்கள் கிளம்பியபோது அவள் அழவில்லை. "நானி, புளி உலுக்கறதுக்குள்ள வந்துரு" என்று மட்டும் சொன்னாள். நானி என்றால் அங்கே அக்கா. புளி உலுக்கும் சமயத்தில்தான் அவளுக்கு நாள். மலையைவிட்டு இறங்கியதிலிருந்து என் வயிற்றில்தான் அந்தப் பிள்ளை கனத்துக்கொண்டிருந்தது.

ஊர் என்னவோ அழகாகத்தான் இருந்தது. பின்மழை பெய்து ஓய்ந்து மலைகள் இரண்டு பக்கமும் கழுவிவிட்டாற்போல் நின்றன. கிறிஸ்தவ வீடுகளில் காகித நட்சத்திரம் தொங்கியது, பேக்கரிகளில் பிளம் கேக் அடுக்கியிருந்தது, கம்பம் ரோட்டில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் வரிசை பிடித்திருந்தன. பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்தில் இருமுடியோடு ஒரு சாமி உட்கார்ந்திருந்தார். ஊர் ஊராக இறங்கி ஏறும் எங்கள் பைகளைப் பார்த்துவிட்டு, எந்த மலைக்குப் போறீக என்று விசாரித்தார். ஒடிசா மலைக்கு என்றார் என் கணவர். அங்கனயும் ஐயப்பன் கோயில் கட்டியாச்சா என்று அவர் சந்தோஷமாகக் கேட்டார். இவர் விளக்க ஆரம்பிப்பதற்குள் கூடலூர் வந்துவிட, அவர் தன் கடலைமிட்டாயில் பாதியை ஷாரோன் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். ஷாரோன் அதை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். மலையில் எது வாங்கினாலும் அப்படித்தான் வாங்க வேண்டும். பின்சீட்டுப் பெண்கள், பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று பேசிக்கொண்டார்கள்.

முதல் இரண்டு ஞாயிறும் நாங்கள் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. பெரியகுளத்தில் படம் போட்டுக் காட்டினோம். புலி வருமா, பாம்பு வருமா, எதைத்தான் சாப்பிடுவீக என்று கேட்டார்கள். புலியை நான் பார்த்ததே இல்லை. கேழ்வரகுக் கூழ் சாப்பிடுவோம், அதை மண்டியா பேஜ் என்பார்கள், பழகிவிட்டால் ருசி, பலாக்கொட்டைக் குழம்பு வைப்பேன், ஆட்டம் பாட்டம் உண்டு, நன்றாகத்தான் இருக்கிறோம் என்று உள்ளதைச் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஆயர் என்னைத் தனியே கூப்பிட்டு, கொஞ்சம் கஷ்டத்தையும் சேத்துச் சொல்லுங்கம்மா, அப்பத்தேன் ஜனங்களுக்கு மனசு இளகும் என்றார். நல்ல மனிதர், எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. மேடையில் அழத் தெரியாத மிஷனெரிக்கு வசூல் குறைச்சல் என்பது எனக்கும் தெரியும். அழுகிற பிள்ளைக்குத்தான் பால். ஆனால் சந்தோஷமாக இருக்கிற ஓர் இடத்துக்குத் திரும்பிப் போவதற்காக அங்கே நரகம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கு இது புரியும் என்று நினைக்கிறேன். ஊருக்கு வரும்போது, அங்கே ரொம்பக் கஷ்டமா என்று கேட்கிறவர்களிடம் இல்லை என்று சொன்னால் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், நாம் எதையோ காட்டிக்கொடுத்துவிட்டதுபோல.

அதற்கடுத்த ஞாயிறு கடமலைக்குண்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர்ச் சபை. எங்களுக்கு நம்பிக்கை அதன்மேல்தான், ஏனென்றால் அன்று அங்கே மிஷனெரி ஏலம். தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: எங்கள் சபைகளில் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். வாழைத்தார், தேங்காய், அவரை, பருத்தி, சேவல் எல்லாம் இருக்கும். ஆராதனை முடிந்து அதை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் பொருளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அது சப்பென்ற ஏலம். எடுத்தவர் காசைக் கட்டிவிட்டுப் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், மறு ஏலம் போக வேண்டும், ஒரே பூசணி ஏழெட்டுக் கை மாற வேண்டும். அப்படிக் கை மாற்றுகிறவர்கள், எப்போதும் போல, தோட்டம் வைத்திருக்கும் நாலைந்து பேர்தான். அதில் முதல் ஆள் வாழைத்தோப்பு ஞானமுத்து. அவர் அந்தப் பூசணியைக் கடைசிச் சுற்றில் எடுத்து, அந்தக் கையோடு மிஷனெரிக் குடும்பத்தைத் தாங்குவதாக அறிவிப்பார், அவரைப் பார்த்து மற்றவர்களும் பெயர் கொடுப்பார்கள் என்று அந்தச் சபை ஆயர் முன்கூட்டியே எங்களிடம் சொல்லியிருந்தார். நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முதல் சுற்றில் எடுத்தவர் மரியாதைக்குப் பூசணியை என் கையில் தருவார், நான் தொட்டு வாங்கி ஏலம் கூறுகிறவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் சிறுபிள்ளையிலிருந்து பார்த்த வழக்கம் இது. எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏலம் கூறிய தங்கராசு அண்ணன் முதல் சுற்றை ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று முடித்தார். முதல் சுற்றையும் எடுத்த ஞானமுத்து எழுந்து வந்து, அந்தப் பெரிய மஞ்சள் பூசணியை என்னிடம் நீட்டி, "இந்தாங்க, உங்க குடும்பத்துக்கு" என்றார். முகத்தில் அவ்வளவு பிரியம். நான் இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். அதற்கப்புறம் என் கால்கள் மலைவழக்கத்துக்குப் போய்விட்டன. அங்கே ஒருவர் உங்கள் குடும்பத்துக்கு என்று கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்வதற்குச் சமம். கொடுத்தவர் அங்கேயே இருக்கும்போது அதை வெட்டி, எல்லோருக்கும் ஆக்கிப்போட வேண்டும். நான் பூசணியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சபைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகைக்குப் போனேன். பெண்கள் டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிவாள்மனையை வாங்கி உட்கார்ந்தேன். என் கணவர் பார்த்துக்கொண்டேதான் இருந்தாராம். அவருக்கும் அதில் ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை, எழுந்து விறகு எடுக்க வந்துவிட்டார். ஷாரோன் மலைமொழியில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா பூசணி?" என்று தங்கராசு அண்ணன் தேடிக்கொண்டு வந்து பார்த்தபோது அது நாலாகப் பிளந்து கிடந்தது. அவர் குனிந்து ஒரு துண்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தார். எனக்கு அப்போதுதான் எங்கே இருக்கிறேன் என்று உறைத்தது. கையில் பூசணி விதை ஒட்டியிருக்க, எழுந்திருக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தேன். உள்ளே ஏலம் நின்றுபோய்ச் சலசலப்பு கேட்டது. ஞானமுத்து முகம் சுண்டிப்போய், வாசல் வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். போச்சு, மங்களிக்குக் கொடுத்த வாக்கு இந்த அரிவாள்மனையில் போச்சு என்று நினைத்தேன். எந்த மேடையிலும் வராத அழுகை அங்கே வந்தது. பக்கத்தில் டீயோடு வைக்கும் வடைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பெண்கள் ஐக்கியத் தலைவி ராஜாத்தி அக்காதான் முதலில் அசைந்தவர். பருத்திக்காட்டுக் கூலிவேலைக்குப் போகிறவர், பேச்சு குறைவு. வெட்டுனதை ஒட்டவா முடியும், அடுப்பைப் பத்தவைங்க என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஆள் அனுப்பி அரிசி கொண்டுவரச் சொன்னார். வந்தது பிடி அரிசி, பெண்கள் ஐக்கியம் சேர்த்து வைத்திருந்த மூட்டை. வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்து ஊழியத்துக்கென்று தனிப்பானையில் போடுவார்கள், அது. சோறு வெந்து, பூசணிக் குழம்பு கொதித்து, பந்திப்பாய் விரித்தபோது ஒருத்தரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. பசி ஒரு பக்கம், இந்த மலைக்காரி இன்னும் என்ன செய்வாளோ என்ற ஆசை ஒரு பக்கம். பரிமாறும்போது ஏன் அப்படி வெட்டினேன் என்று கேட்டார்கள், சொன்னேன். மங்களியைப் பற்றிக் கேட்டார்கள், அதையும் சொன்னேன். இந்த முறை யாரும் புலியைக் கேட்கவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு ராஜாத்தி அக்கா என்னிடம் வந்தார்.

"ஏலத்துல கை தூக்க எங்களுக்கு என்னைக்குத் தாயி குடுத்து வச்சுச்சு? பூசணி ஆரு கைக்குப் போகுதுன்னு எட்டி நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போவோம். இன்னைக்குத்தேன் அது ருசியே தெரிஞ்சுச்சு. எங்க வீட்டையும் உங்களத் தாங்குற வீடாச் சேத்துக்கங்க. துட்டு இருந்தா துட்டு, இல்லாட்டிப் பிடி அரிசி."

கூலிக்காரர் வீட்டைத் தாங்கும் வீடு என்று சேர்க்கலாமா என்று ஆயர் தயங்கி, சங்கத்துக்கு அங்கேயிருந்தே போன் போட்டார். வீடு என்றால் வீடுதான், இதில் பெரிய வீடு சின்ன வீடு என்று விதியில் இல்லையே என்று பதில் வந்தது. அக்காவுக்குப் பின்னால் வரிசையாகப் பெண்கள் வந்தார்கள். அந்த ஒரு சபையிலேயே எல்லாம் கூடிவிடவில்லை. அடுத்த வாரம் கம்பத்தில் சில வீடுகள் சேர்ந்தன. பெரியகுளத்தில் கஷ்டத்தைச் சேர்த்துச் சொல்லச் சொன்ன ஆயர் தன் வீட்டையும் மாமியார் வீட்டையும் சேர்த்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சங்கத்திலிருந்து மலைக்குத் திரும்பிப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஞானமுத்து அண்ணன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். வேப்பமரத்தடியில் கோபமாக நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டார். கிளம்பும்போது என்னிடம், "அடுத்த வருசம் பூசணி எடுத்துத் தரமாட்டேன். கிடாய் கொண்டாரேன், அத எப்படி வெட்டுவீகன்னு பாப்போம்" என்றார். அவர் வீடும் எங்களைத் தாங்கும் வீடுகளில் ஒன்று. ஆனால் அதை அவர் வாயால் சொல்லவில்லை, சம்சாரத்தை விட்டுச் சொல்லச் சொன்னார்.

ரயிலில் எங்களோடு ஒரு மூட்டைப் பிடி அரிசியும் வந்தது. விற்றுத் துட்டாக அனுப்பலாமே என்று நான் சொன்னதற்கு, கொண்டுபோய் அந்தப் பிள்ளத்தாச்சிக்கு ஆக்கிப்போடு என்று ராஜாத்தி அக்கா சொல்லிவிட்டார். மலையேறி ஊர் வந்தபோது புளி இன்னும் மரத்தில்தான் இருந்தது. மங்களி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள், கூப்பிடவில்லை. நான் வெளியே வரும்வரை நின்றாள். அன்றே உலை வைத்தேன். பல வீட்டு அரிசி ஒன்றாய்க் கலந்தது அது. தோட்டக்காரர் வீட்டுப் பொன்னி, ரேஷன் அரிசி, இட்லிக்கு வைத்திருந்த குண்டு அரிசி எல்லாம் இருந்தது. பொன்னி குழைய ஆரம்பித்தும் ரேஷன் அரிசி விறைத்தபடியே கிடந்தது. இறக்கினால் பாதி வேகாது, விட்டால் மீதி கஞ்சியாகிவிடும். கரண்டியும் கையுமாக நின்றேன். மங்களி ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். இது எந்த ஊர் அரிசி, ஒரே பானையில் ரெண்டு மாதிரி இருக்கிறது என்றாள். நம்ம ஊர் அரிசி என்றேன். அவள் இன்னொரு பருக்கையை நசுக்கிக்கொண்டே, நம்ம ஊரில் இப்படி விளையாதே நானி, சரி இறக்கு, பசிக்கிறது என்றாள். இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். குழைந்ததை அவள் பக்கம் தள்ளிவிட்டு, விறைத்த அரிசியைத் தேடித் தேடி நான் மென்றுகொண்டிருந்தேன்.