வைத்தியரின் முறை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நாவற்குடாவில் என் வீட்டு முன்னறையில் நாங்கள் நாலு பேர் கூடுவோம். மேசையைச் சுற்றி இருந்து ஆடும் கதை விளையாட்டு எங்களுடையது. ஒருவர் கதையை நடத்துவார், அது நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள். வெட்டு விழுந்ததா, பாலம் தாங்கியதா என்பதைப் பகடை சொல்லும். ஓட்டமாவடியில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பன் வாள்வீரன். ஆரையம்பதியிலிருந்து வரும் ஆஸ்பத்திரித் தாதி மந்திரக்காரி. தபால் கந்தோரில் வேலை செய்த நண்பர், எங்களுக்குள் வயதில் மூத்தவர், வைத்தியர்.

நாங்கள் ஆடிய விதிகளின்படி காயம் தானாக ஆறாது. வைத்தியர் கை வைத்தால்தான் ஆறும். அதனால் யார் விழுந்தாலும் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். அவர் மெல்லத் தொண்டையைச் செருமுவார். "பயப்படாதீங்க, நான் இரிக்கன்" என்று சொல்லிவிட்டுத்தான் பகடையை உருட்டுவார்.

போன மாரியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. தாதிக்கு அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை. அந்தக் கிழமை அவள் லீவில் நின்றாள்.

சில மாதம் கழித்து மறுபடியும் கூடினோம். அவருடைய வைத்தியரைக் கதையிலிருந்து எடுத்துவிட யாருக்கும் மனம் வரவில்லை. அவருக்காக நாங்களே மாறி மாறிப் பகடை உருட்டினோம். ஆனாலும் வைத்தியரின் முறை வரும்போதெல்லாம் மூன்று பேரும் ஒன்றாகப் பேச்சை நிறுத்திவிடுவோம். யாரும் சொல்லி வைத்ததில்லை. மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் துணிக்கடை நண்பனின் கையில் வைத்தியருக்கான பகடை இருந்தது. அவன் தொண்டையைச் செருமினான். "பயப்படாதீங்க, நான் இரிக்கன்" என்றான். குரல் அவனுடையதுதான். இழுப்பு அவருடையது. தாதி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

"என்ன நடந்த?" என்று என்னைக் கேட்டான். தான் அப்படிச் சொன்னதே அவனுக்குத் தெரியவில்லை. நான் சொன்னதும் பகடையை மேசையில் வைத்தான். "இனி எனக்கு ஏலா மச்சான்."

அதற்குப் பிறகுதான் விளையாட்டையே மாற்றுவோம் என்றேன். நான் கண்டுபிடித்த புதிய விதிகளில் காயப்பட்டவன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து களைப்பாறினால் தானே தேறிவிடலாம். வைத்தியருக்காக யாரும் காத்திருக்கத் தேவையில்லை.

"அப்ப அவரு?" என்றாள் தாதி.

"அவரையும் புதுசுக்கு மாத்துவம்."

சொன்னதுபோல் அது லேசாக இருக்கவில்லை. ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது பாத்திரங்களின் பலத்தைச் சமப்படுத்த வேண்டும்; இல்லாவிட்டால் ஒருவரே எல்லாவற்றையும் வென்றுவிடுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நான் தனியாக இருந்து சண்டைகளை ஆடிப் பார்த்தேன். பழைய பலத்தோடு வைத்தியரைக் கொண்டுவந்தால் எங்களில் எவரும் சாகவே முடியாது. ஆபத்தில்லாத கதையில் பகடை எதற்கு? பாதியாகக் குறைத்தேன். இப்போது அவர் செய்ய எதுவும் இல்லாமல் ஒதுங்கி நின்றார். மறுபடி கூட்டினேன், மறுபடி குறைத்தேன். பென்சிலால் எழுதியதை அழிக்கும்போதெல்லாம், பின்னால் யாரோ நின்று பார்ப்பதுபோல் கழுத்து கூசும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதுதான் பயம்.

"ஏன் அவர்ர சக்தியையே குறைக்கிறீங்க? என்டதக் குறைங்க அண்ணன்" என்று தாதி சண்டை பிடித்தாள். அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்த பின்னேரம்தான் அவருடைய மனைவி படலையைத் திறந்துகொண்டு வந்தார். அலுமாரியில் கிடந்த அவருடைய பகடைப் பையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமையெண்டா இஞ்ச ஓடி வந்திருவாரு. இதில என்னவா இரிந்தவரு?"

"வைத்தியர்" என்றேன்.

மனைவி சிரித்தார். செத்த வீட்டுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "வைத்தியரா? மகள் விழுந்து முழங்கால் உரஞ்சினாலே ரெத்தத்தப் பாக்க ஏலாம அறைக்குள்ள போயிருவாரு தம்பி."

விளையாட்டில் யாராவது விழுந்தால் அவர் சொல்லும் வாசகத்தைத் தாதி சொல்லிக் காட்டினாள். மனைவியின் சிரிப்பு நின்றது.

"அது நான் சொல்றது. அவரு பயந்த ஆள். இடி முழங்கினாலும் பயம். நான்தான் அவருக்குச் சொல்லுவன். ஆஸ்பத்திரிலயும் அதத்தான் சொல்லிக்கொண்டு இரிந்தனான்."

இத்தனை நாளும் எங்கள் மேசையில் கேட்டது யாருடைய குரல் என்று யோசித்தேன்.

பிறகு மனைவி கேட்டார்: "இதில பயந்தவனுக்கு ஒரு இடமும் இல்லயா?"

இருந்தது. ஒளிந்து நடப்பவன் என்று ஒரு வகை: பலம் குறைவு, ஆனால் கண்ணில் படமாட்டான். அன்று நாங்கள் வைத்தியரைச் சமப்படுத்துவதை விட்டுவிட்டு அவரை ஒளிந்து நடப்பவனாக்கினோம். தாதி முதலில் உடன்படவில்லை. பகடையை அவர் மனைவியே உருட்டட்டும் என்று நான் சொன்ன பிறகுதான் தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிறு அவர் மனைவி வந்து ஆடினார். பாழடைந்த கோட்டை ஒன்றுக்குள் நுழைந்தோம். முதல் சத்தத்திலேயே, "அவரு நெல் பெட்டிக்குள்ள ஒளிச்சிட்டாரு" என்றார். வாள்வீரன் வெட்டுப்பட்டு விழுந்தான். பழக்கத்தில் எல்லோரும் மனைவியைப் பார்த்தோம்.

"வரமாட்டாரு" என்றார். "அவர விடுங்க."

புதிய விதிப்படி வாள்வீரன் சுவரோடு சாய்ந்து களைப்பாறித் தானே எழும்பினான். சண்டை முடிந்தது. தாதியின் மந்திரக்காரி நெல் பெட்டியருகே போய் மூடியைத் தட்டி, வெளியே வரச் சொன்னாள். மனைவி பகடையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார், உருட்டவில்லை.

"உள்ளதான் இரிக்காரு" என்றார் கடைசியில். "மூச்சு விடுற சத்தம் கேக்குது."