காது மடலும் நீல முட்டையும்

எனக்கு ஒரு இடத்தில் உட்கார வராது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த வியாதி முற்றிவிட்டது. முத்தியால்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு மேலே மொட்டை மாடியில் மூன்று கோழிகள் இருந்தன. மதியத்துக்குள் ஏழெட்டு முறை படியேறி அவற்றைப் பார்த்துவிட்டு வருவேன். கோழிகளுக்கே சலித்திருக்கும்.

உண்மையில் அவை என் மனைவிக்காக வந்தவை. பாகூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள், என்னைக் கட்டிக்கொண்டு முப்பது வருஷம் கோழிச் சத்தமே இல்லாத வாடகை வீடுகளில் காலம் தள்ளினாள். காலாப்பட்டில் வெளிநாட்டுக் கோழி வளர்க்கும் ஒருவரிடம் குஞ்சுகள் வாங்கி, அட்டைப்பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். எல்லாம் கலப்பு, ஒன்றாவது நீல முட்டை போடலாம் என்றார் அவர். அவள் நம்பவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை வைக்கோலில் நீல முட்டை கிடந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த பள்ளிக்கூடச் சட்டையின் நீலம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உழவர்கரையில் இருக்கும் தங்கைக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினாள். அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. அந்தக் கோழியைத் தங்கை வீட்டுச் சேவலோடு விட்டு, அடைவைத்து, வம்சத்தைப் பெருக்கப் போவதாகச் சொன்னாள். ஆனால் மூன்றில் எது போட்டது என்று தெரியவில்லை.

புதன்கிழமை கீழ்வீட்டு வீட்டுக்காரம்மா மேலே வந்தார். மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் எச்சம். நல்ல மனுஷிதான், கோபத்தைக் கூட மெதுவாகத்தான் சொன்னார். ஒன்றை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், மற்ற இரண்டையும் வெள்ளிக்கிழமைக்குள் அப்புறப்படுத்த வேண்டும். அவர்கள் வீட்டுக்கு விருந்தாளிகள் வருவது தெரிந்து, அந்த இரண்டையும் அவருக்கே கொடுப்பதாக என் மனைவி சொன்னதும் அவருக்கும் சந்தோஷம்.

மறுநாள் காலை அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள்.

"கூடை எடுத்தாறேன். சாயந்தரம் மூணையும் தனித்தனியா கவுத்துட்டா, நாளைக்குக் காலைல எது நீலம் போடுதுன்னு தெரிஞ்சிடும். அதுவரைக்கும் தொடாதீங்க" என்றாள்.

அவள் தெருமுனை தாண்டியிருப்பாள், நான் போனும் கையுமாக மாடியில் இருந்தேன். கோழியின் காது மடல் வெள்ளையாக இருந்தால் வெள்ளை முட்டை, சிவப்பென்றால் பழுப்பு என்றது ஒரு வீடியோ. நீலத்துக்குக் காது மட்டும் போதாது. கொண்டை தாழ்ந்து படிந்திருக்க வேண்டும், கால் பச்சை கலந்த சாம்பலாக இருக்க வேண்டும், கன்னத்தில் தாடி போல இறகு இருந்தால் இன்னும் விசேஷம். பூதக்கண்ணாடியோடு மாடி முழுக்கக் கோழிகளைத் துரத்தினேன். ஒன்றுக்கு வெள்ளைக் காது. ஒன்று மஞ்சள் கால், சிவப்புக் காது, நிமிர்ந்த கொண்டை. பழுப்புதான், சந்தேகமே இல்லை. மூன்றாவதுக்கு எல்லா லட்சணமும் பொருந்தி வந்தது, தாடி உட்பட. கலப்புக் கோழியில் இந்த அடையாளமெல்லாம் ஏமாற்றிவிடும் என்று வீடியோவின் கடைசியில் சொன்னார்களாம். அதைக் கேட்பதற்குள் நான் அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டேன்.

ஒரு நாள் பொறுத்திருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? பதினோரு மணிக்கு மற்ற இரண்டு கோழிகளையும் காலைக் கட்டிக் கீழே கொண்டுபோனேன். வீட்ல அம்மாவைக் கேட்டீங்களா என்றார் வீட்டுக்காரம்மா. கேட்டுவிட்டேன் என்றேன்.

சாயந்தரம் அவள் மூங்கில் கூடைகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மாடியில் தாடிக்கோழி மட்டும் மேய்ந்தது. நான் காது மடல், கொண்டை, கால் என்று உற்சாகமாக விளக்கினேன். அவள் கூடைகளைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் முடிப்பதற்குள் வீட்டுக்காரம்மா ஒரு கிண்ணத்தோடு மேலே வந்தார். விருந்தாளிகள் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டார்களாம், இரண்டையும் அறுத்தாகிவிட்டது. கிண்ணத்தில் ஒரு முட்டை. நீலம்.

"மஞ்சக்கால் கோழி வயித்துல இருந்துச்சும்மா. நிறத்தைப் பாத்துப் பயந்துட்டேன். வியாதி எதுவும் இல்லையே?"

என் மனைவி அந்த முட்டையைக் கையில் எடுத்தாள். வியாதியெல்லாம் இல்லை, தைரியமாகச் சமைக்கலாம் என்று சொன்னபோது அவள் குரல் உள்ளே போயிருந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும்.

"நீங்க குடுக்கச் சொன்னதாத்தான் சார் சொன்னாரு. அதான் வாங்கினேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. முட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்கக்கா, நான்தான் குடுக்கச் சொன்னேன்" என்றாள்.