மரண அறிவித்தல், பதினெட்டாம் திருத்தம்

போன செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மல்லிகா அக்கா போன் எடுத்தார்.

"அம்மா போயிட்டா, புள்ள. தேத்தண்ணி கேட்டா... ஊத்திக்கொண்டு வாறதுக்குள்ள..."

அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா கேட்டார்: "கொப்பி உன்னட்டத்தானே இருக்கு?"

இருந்தது. பன்னிரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது.

விளக்கமாகச் சொல்கிறேன். நேசம்மா பெரியம்மா என் அம்மாவின் மூத்த அக்கா. மல்லிகா அக்கா அவருடைய மூத்த மகள். அந்தக் கொப்பியின் தாள்களில் இருப்பது பெரியம்மாவின் மரண அறிவித்தல் – அவர் உயிரோடு இருக்கும்போதே தன் வாயால் சொல்லி, என்னை எழுத வைத்தது. பதினேழு முறை திருத்தியது!

முகத்தைச் சுளிக்காதீர்கள். ரேடியோவில் மற்றவர்கள் பாட்டுக் கேட்பார்கள். பெரியம்மா மத்தியான மரண அறிவித்தல் கேட்பார். அது முடியும் வரைக்கும் சோற்றுக் கோப்பை மூடியே இருக்கும். முடிந்ததும், "இண்டைக்கு நமக்குத் தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தருமில்ல. கறிய ஊத்து" என்பார். சண்டைக் காலத்தில் மூன்று தடவை இடம்பெயர்ந்தார். மூன்று தடவையும் இடுப்பில் ஒரு பேரப்பிள்ளை, கையில் அந்த ரேடியோ.

ஒரு நாள், தெரிந்த மனுசி ஒருத்தியின் அறிவித்தலில் ஒரு மகளின் பெயர் விடுபட்டுப் போனது. எங்கள் ஊர் மண்டூரே ஒரு கிழமை அதைத்தான் கதைத்தது. உடனே எனக்கு அழைப்பு.

"நீதானே பேப்பருக்கு எழுதுறவ. என்டதை இப்பவே எழுது. பிழை இருந்தா நானே பாத்துத் திருத்தலாம்."

சொல்லுங்கள், உலகத்தில் எத்தனை பேருக்கு இந்த வசதி கிடைத்திருக்கிறது?

முதல் பிரதியில் 'குடும்பத் தலைவி' என்று எழுதினேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"அதென்ன தலைவி? வெள்ளாமைக்காரி எண்டு போடு."

நியாயம்தான். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் பெரியப்பா போய்விட்டார். ஐந்து பிள்ளைகள். 'ஒரு பொம்புள வட்டையில இறங்கி வெள்ளாமை செய்யிறதா?' என்று ஊர் கேட்டது. பெரியம்மா சீலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். விதைப்பில் இருந்து சூடடிப்பு வரை அவர் குரல்தான். பிள்ளைகள் ஐவரையும் கரைசேர்த்தார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தானே – மூன்று மகள்மாருக்கும் மூன்று வீடு கட்டிக் கொடுத்தார். எந்த வீட்டில் அன்றைக்குக் கறி ருசியோ, அந்த வீட்டில் அவர் இருப்பார்.

இனித்தான் திருத்தங்கள்.

மூத்த மருமகன், பெரியம்மா ஒளித்து ஒளித்துக் கருவாடு தின்பதை கிளினிக் டொக்டரிடம் போட்டுக்கொடுத்தார். வெட்டு! பதினொரு நாள் அவர் அந்தக் குடும்பத்திலேயே இல்லை. பிறகு ஒரு பை நிறைய வாவி இறாலோடு வந்தார். "சேர்" என்றார் பெரியம்மா. சும்மா 'மருமகன்' ஆக இருந்தவர் 'அன்பு மருமகன்' ஆகத் திரும்பி வந்தார்.

கனடாவில் இருக்கும் மகன் பொங்கலுக்குக் கோல் எடுக்கவில்லை. வெட்டு. இரண்டாம் நாள் எடுத்தார். சேர். வெட்டியதும் தெரியாது, சேர்த்ததும் தெரியாது, பாவம்.

ஏறாவூரில் இருந்து சைக்கிளில் புடவை கொண்டுவரும் வியாபாரியைச் சேர்க்கச் சொன்னார். என்ன உறவு என்று போடுவது? "நாப்பது வருசமா எனக்குச் சீலை பாத்துத் தெரிஞ்சு தாறான். அவன் உறவில்லாம, நீயா உறவு?" என்று கேட்டார். 'அன்பர்' என்று சேர்த்தேன்.

ஒரு தடவை, பேப்பரில் நான் எழுதும் இந்தப் பத்தியில் அவருடைய குறட்டையைப் பற்றி எழுதினேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அடுத்த நாளே போன்.

"பெறாமகள் எண்டு கடைசியில ஒருத்தி இருக்காளே, அவள வெட்டு."

"பெரியம்மா, அது நான்."

"தெரியும். வடிவா வெட்டு."

என் கையாலேயே என்னை வெட்டினேன். ஒரு மாதத்துக்குள் சேர்த்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் வெட்டுப்படாதவர் ஒருவரும் இல்லை. வெட்டுப்பட்டு ஒரு மாதம் தாண்டியவரும் இல்லை... ஒருவரைத் தவிர.

பூரணம் சின்னம்மா. பெரியம்மாவின் கடைசித் தங்கை. வாவிக்கு அந்தப் பக்கம் குருமண்வெளியில் இருக்கிறார். பாதையில் ஏறினால் – மோட்டர் சைக்கிளும் ஆளுமாக ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்குமே, அந்த மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்றுதான் பெயர் – கால் மணி நேரம்கூட ஆகாது. அந்தக் கால் மணி நேரத்தை அக்காவும் தங்கையும் ஆறு வருடமாகக் கடக்கவில்லை.

காரணம்? நான்.

இத்தனை காலமும் இந்தப் பத்தியில் ஊரார் பிழைகளை எல்லாம் எழுதியிருக்கிறேன். இதை மட்டும் எழுதவில்லை. மல்லிகா அக்காவின் மகளுக்குக் கலியாணம். கார்ட் எழுதியது நான், அச்சுப் பிழை பார்த்ததும் நான். பெரியவர்கள் பெயர் வரிசையில் சின்னம்மாவின் பெயரை விட்டுவிட்டேன். கார்ட் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான் கண்டேன்.

சின்னம்மா அந்தக் கார்டைக் கையில் பிடித்துக்கொண்டே பாதையில் வந்து இறங்கினார். வீடு நிறையச் சனம்.

"என்ட பேர விட்டது ஆரு?"

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். சின்னம்மாவின் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாது – அவர் ஒருவரைக் கிழிக்கத் தொடங்கினால் அந்தக் கலியாணம் முடிகிற வரைக்கும் தைக்க முடியாது. பெரியம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

"நான்தான் விடச் சொன்னன். இப்ப என்ன?"

அக்கா தங்கைச் சண்டைதானே, இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்திருப்பார். சின்னம்மா கார்டை மேசையில் வைத்தார். "இனி உன்ட வாசல் மிதிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அவர் போன பிறகு பெரியம்மா சொன்னார்: "கொப்பிய எடு. பூரணத்த வெட்டு."

"பெரியம்மா, பிழை என்ட..."

"பொய் சொன்னா ஒழுங்காச் சொல்லணும், புள்ள. வெட்டு."

வெட்டினேன். அதற்குப் பிறகு மூன்று தடவை "சேர்ப்பமா?" என்று கேட்டேன். "அவள் வரட்டும்" என்றார். பின்னேரங்களில் துறையடிக்குப் போய் நிற்பார். பாதையில் இருந்து இறங்கும் ஒவ்வொருவரையும் பார்ப்பார். யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், "காத்து வாங்க வந்தன்" என்பார். நானாவது ஒரு நாள் அந்தப் பாதையில் ஏறிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆறு வருடத்தில் எனக்கு ஒரு நாள் நேரம் கிடைக்கவில்லையாம்!

இனி செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். பதினொரு மணிக்கு முன் அறிவித்தல் ரேடியோவுக்குப் போயாக வேண்டும். பெரியம்மாவைக் கிடத்தியிருந்த ஹோலில் ஒரு மூலையில் இருந்து, நான் பதினெட்டாம் திருத்தத்தை எழுதினேன். ஒரு வரி கூட்டினேன்: 'பூரணத்தின் அன்புச் சகோதரியும்.'

மல்லிகா அக்கா வாசித்துப் பார்த்தார். "அம்மா சொல்லாமச் சேக்கலாமா, புள்ள? அவட அறிவித்தல்."

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ட மகள்ற கலியாணக் கார்டுல... நீயா?" என்றார். பிறகு பேனையை என் கையில் திருப்பித் தந்தார். "சரி, போடு. அம்மா கேட்டா நான் சொல்லுறன்."

பன்னிரண்டு மணிக்கு, பெரியம்மாவின் தலைமாட்டில் அவருடைய அதே ரேடியோவை வைத்தோம். எல்லாப் பெயரும் வந்தது. ஏறாவூர் அன்பரும் வந்தார். பூரணமும் வந்தார்.

ஒன்றரை மணிக்கு வாசலில் ஒரு ஓட்டோ நின்றது. எண்பத்தாறு வயதுப் பூரணம் சின்னம்மா இறங்கி, மிதிக்க மாட்டேன் என்ற வாசலை மிதித்து உள்ளே வந்தார். அழவில்லை. பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ரேடியோவில கேட்டன். என்ட பேரப் போடச் சொன்னது ஆரு? அக்காவா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

'ஓம்' என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு சின்னச் சொல்! அவரும் மனம் ஆறியிருப்பார், நானும் தப்பியிருப்பேன். ஒழுங்காகப் பொய் சொல்வது எப்படி என்று பெரியம்மா எனக்குப் பழக்கியும் விட்டிருந்தார். ஆனால் அவரைப் பக்கத்தில் கிடத்தி வைத்துக்கொண்டு எனக்கு வாய் வரவில்லை.

"இல்ல, சின்னம்மா. நான்தான் போட்டன். அண்டைக்குக் கார்டுல விட்டதும் நான்தான். பெரியம்மா என்னக் காப்பாத்தப் பொய் சொன்னவ. அவ உங்களத்தான் பாத்துக்கொண்டு இருந்தவ... துறையடியில."

சின்னம்மா மெல்ல அக்காவின் பக்கத்தில் போய் இருந்தார். பெரியம்மாவின் கையில் ஒரு அடி போட்டார். வலிக்காத அடி.

"கள்ளி! இதச் சொல்லாமலே போயிட்டயே. நானும் நீ வருவாய் எண்டெல்லோ இருந்தன்..."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையில் நானும் சேர்ந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது. இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பின்னேரம், பக்கத்து வீட்டில் இருந்து தேத்தண்ணி வந்தது. இரண்டு மிடறு குடித்ததும் சின்னம்மாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. ரேடியோக்காரர் தன் பெயரை அவசர அவசரமாக வாசித்துவிட்டாராம்! பிறகு விரலைக் காட்டி என்னைக் கூப்பிட்டார்.

"அந்தக் கொப்பியில வெறுந்தாள் இருக்கா?"

"இருக்கு, சின்னம்மா."

"என்டதையும் எழுது."

எழுதினேன். மண்டூரைப் பிறப்பிடமாகவும், குருமண்வெளியை வசிப்பிடமாகவும்... 'காலஞ்சென்ற நேசம்மாவின் அன்புச் சகோதரியும்' என்ற இடத்தில் என் பேனை கொஞ்சம் நின்றது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் எழுதி, கடைசியில் பெறாமகள் என்று என் பெயரையும் நானாகவே போட்டுக்கொண்டேன். முழுவதையும் வாசித்துக் காட்டினேன். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தலையாட்டினார்.

"எல்லாம் சரி. இப்ப உன்ட பேர வெட்டு."

வெட்டினேன் – வடிவாக. பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் கிரியை முடியட்டும், அடுத்த நாள் முதல் பாதையிலேயே குருமண்வெளிக்குப் போகிறேன், இறாலோடு.